கதவுக்கு வெளியே பழுப்பு ஷூ

ஜூன் 6

மீன்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

"போன் பண்ணாதீங்க. நீங்க 'ம்' போடறதைக் கேக்கறதுக்கு நான் அங்க மீனோடயே பேசிக்கறேன். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. என் பழுப்பு ஷூ எங்கே?

கட்டிலுக்கு அடியில் பார்த்தாகிவிட்டது. பரணில் ஏறிப் பார்த்தாகிவிட்டது. அழுக்குத்துணிக் கூடைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினேன். பாலிஷ் டப்பா இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, ஷூவைத்தான் காணோம். விசேஷத்துக்குப் போன இடத்தில் செருப்புத் தொலைந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். சொந்த வீட்டில் தொலைந்தால் யாரிடம் சொல்வது?

புதுசு ஒன்று வாங்கியிருக்கிறேன். பலகையைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. பிரேக் எங்கே இருக்கிறது என்று என் காலுக்கே தெரியவில்லை. நேற்று ஆற்றுப்பாலம் நிறுத்தத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். நம் கண்டக்டர் சும்மா இருப்பானா? "என்னண்ணே, அண்ணி ஊர்ல இல்லாத கோவத்தை வண்டி மேல காட்டறீங்களா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

இன்னொன்று. நீ கிளம்பிய அன்றைக்குப் படியிறங்கும்போது "போறேன்" என்று சொன்னாய். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்தது. சரி, அதை விடு. ஷூ எங்கே என்று மட்டும் எழுது.

டிரைவர்


ஜூன் 15

டிரைவர் சாருக்கு,

உங்கள் ஷூ என்னிடம் இருக்கிறது. திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் அறை மூன்றாவது மாடியில். படியேறி வந்தால் நீளமாக ஒரு நடை. அதன் கடைசியில் கண்ணாடி இல்லாத ஜன்னல். அதன் வழியாகக் கடல் தெரியாது, கடலின் மூச்சு மட்டும் வரும். விடிகாலையில் மூடுபனி உள்ளே வந்து ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். என் கதவுதான் கடைசி.

நேர்காணலுக்கு வந்தபோதே அக்வேரியத்தில் டிக்கெட் கொடுக்கும் அக்கா எனக்குச் சொல்லி வைத்தார். "தனியா இருக்கறதை ஊருக்குத் தண்டோரா போடாத. கதவுக்கு வெளியில ஆம்பள ஷூ ஒரு ஜோடி போட்டு வை. நாலு பூட்டுக்குச் சமம்." அவர் வாசலிலும் ஒரு ஜோடி கிடக்கிறது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

பழைய ஷூ ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் பெட்டி அடுக்கும்போது கை தானாக உங்களுடையதன் மேல் போயிற்று. கோபம்தான், வேறென்ன? ஆள் வரப்போவதில்லை, ஷூவாவது வரட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

"போறேன்" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? சந்தோஷம். நீங்கள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகாதே என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நானும் வரேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னது "உன் இஷ்டம்." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டீர்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த பெண்ணுக்கு அது ஒரு பதிலா?

கடற்குதிரைத் தொட்டியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். உணவு போடுவது, கண்ணாடியின் உட்பக்கம் படிகிற பாசியைத் துடைப்பது, தண்ணீரின் சூடு பார்ப்பது. கடற்குதிரைகள் புல்லை வாலால் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடுகின்றன. அதிகமாகப் பார்த்தால் நானும் ஆட ஆரம்பித்துவிடுகிறேன். வேலை முடிந்து தெருவில் நடக்கும்போதும் கண்ணுக்குள் நீலமாகத் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கிறது.

ஷூவை நம் வீட்டில் நீங்கள் வைக்கிற மாதிரியேதான் வைத்திருக்கிறேன், முனை வெளியே பார்க்க. டிப்போவில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிற மாதிரி ஷூவையும் நிறுத்துகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

மீன்காரி


ஜூன் 24

மீன்காரிக்கு,

மூடுபனியிலா வைத்திருக்கிறாய்? தோல் ஊறிப் போகும். தினமும் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணி. வெயிலில் வைக்காதே, வெடிக்கும். வாரம் ஒரு தடவை பாலிஷ் போடு. வலது ஷூவின் அடிப்பாகம் மெலிந்து போயிருக்கிறது, அதைத் தரையில் தேய்க்காதே.

காவலுக்கு நிறுத்துவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரிகிறது. அதனால் அந்தப் பேச்சை விடு.

முனையை வெளியே பார்க்க வைப்பது சுலபமாகக் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பத்தான். ஐந்து மணி வண்டிக்குப் போகிறவன் இருட்டில் ஷூவைத் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா?

"உன் இஷ்டம்" என்றது மரியாதைக்கு. எங்கள் அப்பா அம்மாவிடம் எதற்கும் இஷ்டம் கேட்டதில்லை. தெருவில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்வார். கல்யாணமானால் அப்படி ஒரு ஆளாக மட்டும் இருக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டது. எனக்குப் பேச வராது என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்?

ஷூவைத் திருப்பி அனுப்பு என்று எழுத வந்தேன். நாலு பூட்டுக்குச் சமம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், வைத்துக்கொள்.

டிரைவர்


ஜூலை 9

டிரைவர் சாருக்கு,

உங்களுக்கு இங்கே நல்ல பெயர். அமைதியான மனிதர், வம்புதும்புக்குப் போகாதவர், வருவதும் தெரியாது போவதும் தெரியாது என்று மாடி முழுக்கச் சொல்கிறார்கள்.

நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ஷூ செய்த வேலை. எதிர்வீட்டு வயலின் டீச்சர் உங்களைப் படியில் பார்த்தாராம். நல்ல உயரம், கையில் குடை, ஒதுங்கி வழி விட்டீர்களாம். கீழே இருக்கும் வாட்ச்மேன், "சார் இப்பதாம்மா மேல போனாரு" என்று போன வாரம் என்னிடமே சொன்னார். அவர் சொன்ன விதத்தில், இரண்டிரண்டு படியாக ஏறினேன். கடைசிப் படியில் நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டேன். அப்புறம் நடையைப் பார்த்தேன். பனியும் உங்கள் ஷூவும்தான் இருந்தன.

தினமும் காலையில் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வருமில்லையா? ஒரு நாள் ஒன்றின் மேல் ஒன்று, ஒரு நாள் ஒன்று சுவரோரமாகத் தள்ளி. நார் வைத்துத் தேய்த்தாலும் போகாத உப்பு அதன் ஓரத்தில் படிந்திருக்கிறது. காலையில் எடுத்தால் ஈரமாக இருக்கும். எல்லாரும் எழுவதற்கு முன்னால் கடற்கரை வரைக்கும் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்பதுண்டு. சாயங்காலம் வந்தால் பூட்டைத் திறக்குமுன் "வந்துட்டேன்" என்று சொல்கிறேன். சிரிக்காதீர்கள். போனில் நீங்கள் போட்ட "ம்"மைவிட அது நன்றாகக் கேட்கிறது.

வயலின் டீச்சருக்கு ஒரு குறை மட்டும் உண்டு. "தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் எப்பவும் கிளம்பற அவசரத்துலயே இருப்பாரோ? ஷூ வெளியதான் பாத்துக்கிட்டிருக்கு" என்றார். முனையை உள்ளே பார்க்க வைத்துவிடலாம்தான். இரண்டு தடவை குனிந்தேன். நீங்கள் அப்படி வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை, அதனால் கை வரவில்லை.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது இரண்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நடையைத் துடைக்கிற அம்மா எடுத்து வைக்கும்போது திருப்பியிருப்பார். இருந்தாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு இங்கே இல்லை. கடற்குதிரைகளுக்கு இரண்டு தடவை சாப்பாடு போட்டுவிட்டேன்.

மீன்காரி


ஜூலை 21

மீன்காரிக்கு,

குடை வைத்திருக்கும் அந்த உயரமான ஆள் யார்?

நான் கேட்பது தமாஷுக்கு இல்லை. நான் உயரமும் இல்லை, குடை பிடிக்கிறவனும் இல்லை. என் ஷூவைக் காட்டி வேறு எவனோ நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறான். படியில் ஒதுங்கி வழி வேறு விடுகிறானாம். நான் ஒரு நாளாவது யாருக்காவது வழி விட்டிருக்கிறேனா? ரோட்டில் கேட்டுப் பார்.

கோபத்தை ஆற்றிக்கொண்டு மறுநாள் மீதியை எழுதுகிறேன். நீ செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ஐந்து மணி வண்டிக்கு ரொம்ப முன்னாலேயே டிப்போவுக்கு வந்துவிட்டேன். டிப்போ ஓய்வறை பெஞ்சில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. பார்த்தே இராத ஒரு படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். காலில் பழுப்பு ஷூ. சத்தமே வரவில்லை. நீளமாக ஒரு நடை, ஒவ்வொரு கதவாகத் தாண்டிப் போகிறேன், கடைசிக் கதவுக்கு முன்னால் குனிந்து கயிற்றை அவிழ்க்கிறேன். அவிழ்க்க அவிழ்க்கக் கயிறு நீண்டுகொண்டே போகிறது. உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம். அதற்குள் கண்டக்டர் எழுப்பிவிட்டான். கண்ணைத் திறந்தால் புது ஷூ காலில் இல்லை, தூக்கத்தில் நானே கழற்றி வைத்திருக்கிறேன். எப்படி வைத்திருந்தேன் என்று பார்ப்பதற்குள் அவன் அதை உதைத்துத் தள்ளிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டான்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. மலையடிவாரத்திலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து மலையடிவாரத்துக்கு. வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு விளக்குப் போடுவது என்று தெரியவில்லை. ஒன்று போட்டால் இருட்டாக இருக்கிறது, இரண்டு போட்டால் ஆளைக் காணோமே என்று இருக்கிறது.

டிப்போவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கடற்கரைப் பாதைக்கு டிரைவர்கள் வேண்டுமாம். உன் ஊர் டிப்போதான். விருப்பம் உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளியாட்களைப் போட்டுவிடுவார்கள். நான் என்ன சொல்லட்டும்? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

டிரைவர்


ஜூலை 27

டிரைவர் சாருக்கு,

ஷூ போய்விட்டது.

திருட்டுப் போகவில்லை. முந்தாநாள் மழையோடு கடற்காற்று அடித்து நடை முழுவதும் தண்ணீர். நான் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தால் வலது ஷூவின் அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. இடதில் நாக்கு கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. துணியில் சுற்றிக்கொண்டு செருப்புத் தைப்பவரிடம் ஓடினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "ஊசி ஏத்தறதுக்குத் தோல் இருந்தாத்தானம்மா? எப்பவோ போயிருக்க வேண்டியது. யாரோ பிடிவாதமாப் போட்டிருக்காங்க." போட்டவர் பிடிவாதக்காரர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் வரும்போது அழுதேன். ஒரு ஷூவுக்காக இவ்வளவு அழுவேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அது அறைக்குள் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. வாசல் வெறுமையாக இருக்கிறது. வயலின் டீச்சர் பார்த்துவிட்டு, "சார் வெளியூரா?" என்று கேட்டார். ஆமாம், வெளியூர் என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

இதை எப்படி வழியனுப்புவது? குப்பை வண்டியில் வீச மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அறை முழுக்க ஈரத்தோல் வாடை. சொல்லுங்கள், உங்கள் ஷூ.

நோட்டீஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் இஷ்டம்.

மீன்காரி


ஜூலை 31

மீன்காரிக்கு,

உன் கடிதத்தை ஆற்றுப்பாலத்தில் வண்டி நின்றபோது பிரித்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கண்டக்டர் விசில் அடிக்கிறான். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே ஒரு கதவைச் சத்தமே இல்லாமல் சாத்தினால் இப்படித்தான் இருக்கும் போல. இதையா நான் மரியாதை என்று நினைத்து உனக்குக் கொடுத்தேன்?

ஷூவைப் பற்றிச் சொல்கிறேன். அது ஏன் வேண்டும் என்று நீ கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலையில் நீ என் வண்டியில் ஏறினாய். கையில் பிளாஸ்டிக் பை நிறையத் தண்ணீர், அதற்குள் ஒரே ஒரு பொன்மீன். கண்டக்டர், "மீன்காரம்மா, உள்ள போங்க" என்று கத்தினான். நீ நகரவில்லை. இரண்டு கையாலும் பையை ஏந்திக்கொண்டு கம்பியைக்கூடப் பிடிக்காமல் எனக்குப் பின்னால் நின்றாய். கண்ணாடியில் பார்த்தேன். தண்ணீர் ஆடினால் உன் முகமும் ஆடியது. அன்றைக்கு நான் ஓட்டியதுபோல அதற்கு முன்னும் ஓட்டவில்லை, பின்னும் ஓட்டவில்லை. பிரேக்கை மிதிக்கவில்லை, தடவினேன். திருப்பங்களில் எல்லாரும் தூங்கிப்போனார்கள். இறங்கும்போது "தேங்க்ஸ், டிரைவர் சார்" என்றாய். பையில் தண்ணீர் அசையவே இல்லை.

அந்தப் பிரேக்கைத் தடவியது இந்த வலது ஷூதான். அன்றிலிருந்து அது மெலிய மெலிய என் கால் அந்தப் பிரேக்குக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை புதுசு வாங்கினாலும் அது வராது. வராவிட்டால் போகட்டும். கால் எனக்கு இருக்கிறதே, இன்னொரு தடவை கற்றுக்கொள்ளட்டும்.

நீயே தனியாக வழியனுப்பாதே. ஜோடியைப் பிரிக்காமல் கயிற்றை ஒன்றோடொன்று முடிந்து வை.

நோட்டீஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை, உன் இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியாது. என் இஷ்டத்தைச் சொல்கிறேன். இதுவரை சொன்னதில்லை, அதனால் வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். நீ இருக்கிற ஊரில் பஸ் ஓட்ட வேண்டும். சாயங்காலம் நீ "வந்துட்டேன்" என்று சொல்லும்போது உள்ளேயிருந்து பதில் சொல்ல வேண்டும். நீ இல்லாமல் இங்கே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஷூ ஷூ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பிடிக்காவிட்டால் கதவைத் திறக்காதே. புது ஷூவை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பிவிடுகிறேன்.

டிரைவர்


ஆகஸ்ட் 19

டிரைவர் சாருக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை இல்லை. உங்கள் புது ஷூவுக்குள் மடித்து வைத்துவிட்டுப் போகிறேன். இடது ஷூவில்தான். வலது கால் இன்னும் பிரேக்கைக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கடற்குதிரைகள் காலையில் சீக்கிரமே பசிக்கிறது என்கின்றன. நீங்கள் தூங்குகிறீர்கள், அதனால் எழுப்பவில்லை.

நேற்றுச் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டே எழுந்தேன். புது ஷூ வந்த அட்டைப்பெட்டியில் பழசை வைத்து நீங்கள் மூடிய விதத்தையும், குப்பை வண்டிக்காரர் கையை நீட்டியபோது கொடுக்காமல், நீங்களே ஏறி ஓரமாக, சாயாமல் வைத்துவிட்டு இறங்கியதையும். வண்டி கிளம்பும்போது நான் "போயிட்டு வாங்க" என்றேன். பெட்டியிடம் சொன்னேனா உங்களிடம் சொன்னேனா என்று தெரியாமல் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்தாயிற்று.

நான் அன்றைக்கு "போறேன்" என்றது வேண்டுமென்றேதான். இப்போது சரியாகச் சொல்கிறேன். போயிட்டு வரேன்.

ஒரு சங்கடம். வயலின் டீச்சர் காலையிலேயே வந்து ரகசியமாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நேத்து உங்ககூட வந்தாரே, குட்டையா ஒருத்தர், அவர் யாரு? சாருக்குத் தெரியுமா?" என்றார். அவருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். குடை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இன்றைக்குக் கதவைத் திறந்தபோது நடை முழுக்கப் பனி. ஒன்றும் தெரியவில்லை. உங்கள் ஷூவை மிதித்துவிடக் கூடாது என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். இரண்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நடையைத் துடைக்கிற அம்மா இன்னும் வரவில்லை.

மீன்காரி